தம்பியின் பெயரில் பிடியாணை என்கிறார்கள். எந்த நீதிமன்றம் என்று எங்கே பார்ப்பது?

சாரல்மழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சொந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அப்பா காலமான பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் தம்பியும் நானும் திருப்பூருக்குக் குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் ஊரில் பக்கத்து வீட்டில் இருக்கும் சித்தி அழைத்து, காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து தம்பியின் பெயரைச் சொல்லி விசாரித்ததாகவும், "கோர்ட்டில் வாரண்டு இருக்கிறது, ஊருக்கு வந்தால் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள்" என்று கூறிச் சென்றதாகவும் சொன்னார். எந்த நீதிமன்றம், என்ன வழக்கு என்று அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, நேரில் வந்தால்தான் சொல்ல முடியும் என்று வைத்துவிட்டார்கள்.

தம்பி முன்பு பின்னலாடைத் துணி வாங்கி விற்கும் சிறு வியாபாரம் செய்துவந்தான். 2022-இல் ஈரோட்டைச் சேர்ந்த ஒரு நூல் வியாபாரிக்கு அவன் கொடுத்த காசோலை, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியது. பிறகு பாதித் தொகையை ரொக்கமாகக் கொடுத்தான். மீதியைத் தவணையாகக் கொடுப்பதாகப் பேசியிருந்தார்கள் என்பதால் வழக்கு எதுவும் இருக்காது என்றே இருந்துவிட்டோம். எங்கள் கைக்கு எந்தச் சம்மனும் வரவில்லை. வங்கியிலும் ஆதாரிலும் ஊர் முகவரியே இருப்பதால், வந்திருந்தாலும் பூட்டிய வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் தேடினேன். அங்கும் தம்பியின் பெயர் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகன், அங்கே பல கவுண்டிகளில் ஷெரிஃப் அலுவலகமே நிலுவையில் உள்ள வாரண்டுகளை இணையத்தில் பெயர்வாரியாகப் போட்டிருக்கும் என்கிறார். நம் ஊரில் அப்படிப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பட்டியல் உண்டா? இல்லையென்றால் சாதாரண மனிதர் இதை எப்படித்தான் அறிந்துகொள்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேற்று முன்தினம் அறிமுகமில்லாத ஒருவர் தம்பியை அழைத்து, வாரண்டு தன்னிடம்தான் இருக்கிறது, பதினைந்தாயிரம் ரூபாய் அனுப்பினால் ரத்து செய்துவிடலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா இரவில் தூங்குவதே இல்லை.

நொய்யல்கரை வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, முதலில் அந்தப் பதினைந்தாயிரத்தை அனுப்பாதீர்கள். ஒரு பிடியாணையை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு; காவலருக்கோ, நீதிமன்ற ஊழியருக்கோ, வழக்கறிஞருக்கோ அந்த அதிகாரம் இல்லை. ஆகவே தொலைபேசியில் பணம் கேட்டு ரத்து செய்து தருவதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது பொய். அந்த எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நிலுவையில் உள்ள பிடியாணைகளைப் பெயர்வாரியாகப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியல் தமிழ்நாட்டில் கிடையாது. சட்டம் பொதுப் பார்வைக்கு வைக்கச் சொல்வது கைதானவர்களின் விவரத்தை மட்டுமே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறது. கைதாகிவிட்ட ஒருவரைத் தேடும் குடும்பத்துக்கு அது உதவும். இனிமேல் கைது செய்யப்பட இருப்பவரைப் பற்றிய செய்தி அதில் இருக்காது.

எனவே நீங்கள் தேட வேண்டியது பிடியாணையை அன்று, வழக்கை. பிடியாணை என்பது ஒரு வழக்கில் நீதிமன்றம் எழுத்துமூலம் பிறப்பித்து, நீதிபதி கையொப்பமிட்டு, முத்திரையிட்டு அனுப்பும் உத்தரவு. வழக்கைக் கண்டுபிடித்தால் அதன் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதும், எந்தத் தேதியில் பிடியாணை போடப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

நீங்கள் தேடிய இடத்தில்தான் தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். காவலர் ஊர் வீட்டுக்கு வந்தார் என்பதால் வழக்கும் அந்த ஊரில்தான் இருக்கும் என்று கருதிவிட்டீர்கள். காசோலை வழக்கில் அப்படி இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின்படி, காசோலையைத் தன் கணக்கில் செலுத்திப் பணமாக்க முயன்றவருக்கு எந்த வங்கிக் கிளையில் கணக்கு இருக்கிறதோ, அந்தக் கிளை அமைந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் காசோலை பணமின்றித் திரும்பிய குற்றத்துக்கான 138-ஆம் பிரிவு வழக்கு நடக்கும். நூல் வியாபாரியின் கணக்கு ஈரோட்டில் இருந்தால் வழக்கும் ஈரோட்டில் இருக்கும். நீதிமன்றம் பிறப்பிக்கும் பிடியாணை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் முகவரிக்குரிய காவல் நிலையத்துக்கு அனுப்பப்படுவதால், அது தென்காசிக்கு வந்து சேர்ந்திருக்கும். மேலும் இது தனிநபர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் புகார். காவல்துறை பதிவு செய்யும் வழக்கு அன்று. ஆகவே முதல் தகவல் அறிக்கை இருக்காது. காவல்துறை தளத்தில் ஒன்றும் கிடைக்காததைக் கண்டு வழக்கே இல்லை என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்தில் மாநிலம், மாவட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரோடு மாவட்டம் என்றால் ஈரோடு நகர வளாகம் மட்டும் அன்று. பவானி, கோபிசெட்டிபாளையம், பெருந்துறை என்று ஒவ்வொன்றும் தனித்தனி வளாகம். அந்த வியாபாரியின் வங்கிக் கிளை எது என்பது உங்கள் தம்பி முன்பு அனுப்பிய பணத்தின் ரசீதிலோ வங்கி அறிக்கையிலோ இருக்கும்; அதைப் பார்த்து வளாகத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கட்சிக்காரர் (வழக்கில் தொடர்புடைய தரப்பினர்) பெயரில் தேடும் பகுதிக்குச் சென்று, ஆண்டு 2022 என்றும் பிறகு 2023 என்றும் கொடுத்துப் பாருங்கள். தம்பியின் பெயரில் கிடைக்காவிட்டால் நூல் வியாபாரியின் பெயரிலும் அவருடைய நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள், ஏனென்றால் புகார்தாரரின் பெயர் பிழையில்லாமல் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் காசோலை வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. (சுருக்கமுறை விசாரணை வழக்கு) என்ற வகையிலும் சில சி.சி. (காலண்டர் வழக்கு) என்ற வகையிலும் எண்ணிடப்பட்டிருக்கும். பல மாவட்டத் தலைநகரங்களில் இவ்வழக்குகளுக்கென்றே நடுவர் (மாஜிஸ்திரேட்) நிலையில் விரைவு நீதிமன்றங்கள் இருக்கின்றன; முதலில் அவற்றின் வழக்குகளைப் பாருங்கள்.

வழக்கு கிடைத்ததும் சி.என்.ஆர். எனப்படும் பதினாறு இலக்க அடையாளத்தை எழுதிவைத்துக்கொண்டால், அதன்பின் பெயர், வளாகம் எதுவும் தேவைப்படாது. வழக்கின் நிலை என்ற இடத்தில் என்.பி.டபிள்யூ. நிலுவை என்று இருந்தால் அது பிணையில் விட முடியாத பிடியாணை. பி.டபிள்யூ. என்றால் பிணையில் விடக்கூடியது. அதில் குறிப்பிட்ட தொகைக்குப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தால் காவல் நிலையத்திலேயே விட்டுவிடலாம். ஒவ்வொரு வாய்தா தேதியையும் அழுத்தினால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பு திறக்கும். சம்மன் எப்போது போனது, ஏன் திரும்பியது என்பதை அங்கே படிக்கலாம். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "வீடு பூட்டியிருந்தது" என்று சம்மன் திரும்பியிருந்தால், பின்னால் பிடியாணையைத் திரும்பப் பெறக் கேட்கும் மனுவுக்கு அதைவிட வலுவான காரணம் வேறில்லை.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் எழுதியது:

வழக்கறிஞர் தெளிவாக எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடுவர் நீதிமன்றங்களில் பணிபுரிந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கணினியில் பெயர் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றப்பட்டிருக்கும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ' ஓரிடத்தில் 'இசட்-எச்' ஆகவும் இன்னோரிடத்தில் வெறும் 'எல்' ஆகவும் வரும். 'சண்முகம்' என்ற பெயரின் முதல் எழுத்துக்குப் பின் 'எச்' இருக்கும் அல்லது இருக்காது. முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வரும் அல்லது பின்னால் போகும். ஆகவே முழுப் பெயரையும் கொடுக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத நடுப்பகுதி நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுவது பயன் தரும். நிலுவை வழக்குகள் என்பதோடு நிறுத்தாமல், முடிந்த வழக்குகளையும் சேர்த்துத் தேடும்படி குறியிடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் புகார்தாரரின் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே உங்கள் தம்பியின் வழக்கு என்று முடிவு செய்யுங்கள். இதில் அவசரப்பட்டு, வேறொருவருடைய வழக்கைத் தம்முடையதென்று நினைத்து ஒரு மாதம் கலங்கிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கவில்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகிவிடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். நெடுங்காலமாக எதிரி கிடைக்காத வழக்குகளை எல்.பி.சி., அதாவது நீண்டகால நிலுவை வழக்கு என்று தனிப் பதிவேட்டுக்கு மாற்றும் வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. அத்தகைய வழக்குகளை நேரில் விசாரித்து அறிவதே நல்லது. நீதிமன்ற வளாகங்களில் உள்ள இ-சேவை மையத்தில் வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்வார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் அந்தந்த நீதிமன்றத்தின் அமர்வு எழுத்தரிடம் (பெஞ்ச் கிளார்க்) எதிரியின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், புகார்தாரரின் பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்கலாம். நீதிமன்றம் அமர்ந்திருக்கும் வேளையில் போகாமல் மாலையில் போனால் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க அவருக்கும் நேரம் இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொல்லிச் சிலர் அறிவுரை கூறுவார்கள். அந்த வழியில் பதிலுக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காவலர் வந்துவிடுவார். அதோடு, நீதிமன்ற ஆவணங்களின் நகல் வேண்டுமானால் நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் கூறிவிட்டது. வழக்கு எண் தெரிந்த பிறகு நகல் மனுப் போட்டு, புகார் மனு, நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகலை வாங்குவதே நேரான வழி.

பிடியாணைக்குக் காலாவதி உண்டென்று மக்கள் நம்புகிறார்கள். மூன்று மாதம் தலைமறைவாக இருந்தால் தானாகவே போய்விடும் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது முற்றிலும் தவறு. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ, நிறைவேற்றப்படும் வரையிலோ அது செல்லும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவும் இதையே சொன்னது, இப்போதைய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. தலைமறைவானவர் என்று நீதிமன்றம் கருதிவிட்டால் அடுத்து அவர் முன்னிலையாக வேண்டும் என்ற பகிரங்க அறிவிப்பான பிரகடனமும் சொத்து ஜப்தியும் வரக்கூடும்.

வைகறை எழுதியது:

என் அனுபவம் உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன். என் மாமாவின் பெயரில் ஒரு பழைய அடிதடி வழக்கில் பிடியாணை இருந்தது. அவர் தாமாகவே நீதிமன்றத்தில் முன்னிலையாகி அதை ரத்து செய்துகொண்டார். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அதே பிடியாணையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ரத்தான செய்தி நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. நீதிமன்றம் மூடியிருந்த நேரம். நல்ல வேளையாக ரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் மாமியின் பீரோவில் இருந்தது. அதைக் காட்டிய பிறகே திரும்பிச் சென்றார்கள். அது இல்லாமல் போயிருந்தால் அறுபத்தெட்டு வயது மனிதர் அன்றிரவை எங்கே கழித்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னால் அறிந்தேன். மும்பையில் ஒரு வழக்கறிஞரையே, ரத்து செய்யப்பட்ட பிடியாணையின் பேரில் 2002-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று கைது செய்தார்கள். அந்த வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிடியாணைகளுக்கு வரிசை எண் இட்டுப் பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் அதை முறையாகத் தெரிவித்துத் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் பதிவேட்டை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது. ரத்தான அன்றே நகல் மனுப் போடுங்கள்; கிடைத்ததும் ஒரு பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தம்பி வெளியூர் போகும்போது அதைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தம்பி அந்த வகைகளில் வராவிட்டால் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

சாரல்மழை எழுதியது:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவு நூல் வியாபாரியின் நிறுவனப் பெயரில் தேடினேன். ஈரோடு வளாகத்தில் 2023-ஆம் ஆண்டு எஸ்.டி.சி. வழக்காக இருக்கிறது. தம்பியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததால்தான் முன்பு அகப்படவில்லை. சம்மன் இருமுறை "கதவு பூட்டியிருக்கிறது" என்ற குறிப்புடன் திரும்பியிருக்கிறது. அதன்பின் பி.டபிள்யூ., அடுத்து என்.பி.டபிள்யூ. என்று வரிசையாகக் குறிப்புகள் இருக்கின்றன. அடுத்த வாய்தா இன்னும் ஐந்து வாரம் கழித்துத்தான். பணம் கேட்டவரைப் பற்றி 1930-இல் புகார் செய்துவிட்டோம்.

இப்போது மூன்று ஐயங்கள். வாய்தா நாள் வரை காத்திருக்க வேண்டுமா? அதற்குள் திருப்பூரில் வைத்தே தம்பியைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? அவன் வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க இருந்தான்; அதற்கு இது தடையாகுமா?

நொய்யல்கரை வழக்கறிஞர் எழுதியது:

காத்திருக்க வேண்டாம். வாய்தாவுக்கு முன்னரே வழக்கை எடுத்துக்கொள்ளக் கோரும் மனுவும், பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் மனுவும் போட்டு, தம்பி நேரில் முன்னிலையாகலாம். நடைமுறையில் இதை ரீகால் மனு என்பார்கள். வழக்கு 2023-இல் தொடங்கியதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே இதற்குப் பொருந்தும். மனு 70(2)-ஆம் பிரிவின் கீழ் இருக்கும். சம்மன் கையில் கிடைக்கவில்லை என்பதற்கு நீதிமன்றத்தின் சொந்தக் குறிப்பே சான்றாக இருப்பதால், அந்தத் தேதிகளை மனுவில் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். முதலில் சம்மன், பிறகு பிணையில் விடக்கூடியது, அதன் பின்னரே பிணையில் விட முடியாதது என்ற வரிசையை உச்ச நீதிமன்றம் 2007-இல் வலியுறுத்தியிருக்கிறது. உங்கள் வழக்கில் வரிசை சரியாகவே போயிருப்பதால் நீதிமன்றத்தைக் குறைசொல்லும் தொனியில் மனு இருக்கக் கூடாது. முகவரி மாறிய விவரத்தைப் பணிவோடு சொன்னால் போதும். 138 பிணையில் விடக்கூடிய குற்றம் என்பதால், தாமாக வந்து நிற்பவரிடம் நீதிமன்றம் பொதுவாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிடியாணையைத் திரும்பப் பெறும். முடிவு நடுவரின் கையில் இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்திருங்கள்.

திருப்பூரில் பிடித்தால், ஈரோடு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் பொதுவாக உள்ளூர் நிர்வாக நடுவர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது காவல் ஆணையர் முன்னிலையில் நிறுத்த வேண்டும். குற்றம் பிணையில் விடக்கூடியதாக இருந்து, தம்பி தக்க பிணை கொடுக்க ஆயத்தமாக இருந்தால் அவரே பிணையில் விட்டுவிடுவார். அதே பழைய சட்டத்தின் 81-ஆம் பிரிவு அதற்கு வழிசெய்கிறது. பிடிக்க வருபவரிடம் பிடியாணையைக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். வாட்ஸப்பில் வரும் படமோ, காணொலி அழைப்பில் காட்டும் தாளோ கைதுக்கான ஆவணம் ஆகாது.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)-ஆம் பிரிவில் பிடியாணை நிலுவை தனிக் காரணமாகவும், குற்ற வழக்கு நிலுவை தனிக் காரணமாகவும் இருக்கின்றன. ஆகவே பிடியாணை ரத்தான பிறகும், வழக்கு முடியும் வரை, வெளிநாடு செல்ல அந்த நீதிமன்றத்திடமே அனுமதி கேட்டு உத்தரவு பெற வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காசோலை வழக்கு சமரசத்துக்கு உரியது. பாதித் தொகை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்றால் அதற்கான ரசீதோ, குறுஞ்செய்தியோ, சாட்சியோ இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் ஆதார் அட்டையோடு வரும் இரண்டு ஜாமீன்தாரர்களைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். ஜாமீன்தாரர்களின் சொத்து வரி ரசீதோ சம்பளச் சான்றோ கேட்கப்படலாம் என்பதால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். திருப்பூர் முகவரிக்கான வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றையும் மனுவோடு இணையுங்கள். இனி வரும் அறிவிப்புகள் பூட்டிய வீட்டுக்குப் போகாமல் இருக்க அது வேண்டும்.